நான்கு வயதுக்குள் டிக்கெட் இல்லை

சிங்கப்பூர் போய் வந்தவனிடம் மட்டக்களப்பில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு முடிந்தது என்பது முதலாவது. அதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பிள்ளையை எத்தனை வயதில் கொண்டுபோவது நல்லது என்பது இரண்டாவது. அதை மட்டும் கந்தோர் முழுவதும் கேட்கும்படி கேட்பார்கள். பதிலை நான் சொல்வதற்குள் பக்கத்து மேசைக்காரர் சொல்லத் தொடங்கிவிடுவார். அவர் எங்கும் போனதில்லை, ஆனாலும் ஐந்து வயது என்று அடித்துச் சொல்வார்.

நான் இரண்டு தடவை போனவன். ஒரு தடவை தவறான வயதில். மற்றத் தடவை ஒரு பிள்ளைக்குச் சரியான வயதிலும் இன்னொரு பிள்ளைக்கு ஒரு சென்ரிமீற்றர் குறைந்த உயரத்திலும். ஆகவே எனக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

2019 டிசம்பர். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயதும் ஏழு மாதமும். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சிங்கப்பூரில் வேலை செய்கிறார். இரவில் தொலைபேசி எடுத்து ஒரு விஷயம் சொன்னார்: சென்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கு நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். இந்த மாதம் வந்தால் உங்கள் இருவருக்கும் எடுத்தால் போதும், அடுத்த வருடம் வந்தால் பிள்ளைக்கும் எடுக்க வேண்டும் என்றார். தங்குவதற்கு அவர் வீடு. இலங்கையருக்கு விசாவும் தேவையில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

ஒரு பிள்ளையின் டிக்கெட்டை மிச்சம் பிடிக்கப் பெரியவர்கள் இரண்டு பேருக்கு விமான டிக்கெட் எடுத்தேன். கணக்கு விளங்கியவர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் நான் தனி ஆள் இல்லை. ஒர்லாண்டோவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குக் கீழ் இலவசம், அங்கும் மூன்றாவது பிறந்தநாளுக்கு முதல் மாதம் ஓடி வருகிற பெற்றோர் நிறையப் பேர். இலவசம் என்ற சொல் பிறந்தநாளோடு சேர்ந்து வந்தால் மனிதனுக்குப் புத்தி மாறிவிடுகிறது.

மாமி மட்டும் ஒரு சொல் சொன்னார். மட்டக்களப்பு வழக்கப்படி நான் இருப்பது மாமியின் வீட்டில், அதனால் எந்தப் பயணமும் அவர் காதுக்குப் போகாமல் தொடங்காது. "மூன்று வயதுப் பிள்ளைக்கு மாமாங்கத்து இராட்டினம் போதாதா மனே?" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவையும் யுனிவர்சல் ஸ்டூடியோஸையும் ஒரே வாயால் சொல்கிறாரே என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வாசலில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய பூகோளம் வரை எல்லாம் நன்றாகவே போனது. படம் எடுத்தோம். மகள் மஞ்சள் சட்டையோடு கையை விரித்து நிற்கிறாள், அந்தப் படம் இன்றும் வரவேற்பறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் நீல நிறத்தில், உடல் முழுக்க ரோமம் அடர்ந்து, கண் இரண்டும் பிதுங்கிய ஓர் உருவம் எங்களை நோக்கிக் கையசைத்துக்கொண்டு வந்தது. மற்றப் பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடிக்கிறார்கள். என் மகள் என் கழுத்தில் ஏறிவிட்டாள். ஏறியவள் மத்தியானம் வரை இறங்கவில்லை. "அது உள்ளே மனிசன்தான் பிள்ளை, உடுப்புப் போட்டிருக்கிறார்" என்று நானும் மனைவியும் மாறி மாறிச் சொன்னோம். சொல்லச் சொல்ல அழுகை கூடியது. மனிதனை அது விழுங்கிவிட்டது என்று விளங்கிக்கொண்டாளோ என்னவோ.

பிறகு இதைப்பற்றித் தேடி வாசித்தபோது ஒரு பூனைக்கதை கிடைத்தது. ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வு அது. மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார், தடவ விட்டார். பிறகு அதன் தலையை மறைவுக்குள் வைத்து, வாலும் பின்னுடலும் தெரியும்படியே விட்டு, நாயின் முகமூடி ஒன்றை மாட்டித் திருப்பினார். ஆறு வயதுக்காரர் முகமூடி போட்ட பூனை என்றார்கள். மூன்று வயதுக்காரரில் பலர் அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள், குரைக்குமா கடிக்குமா என்று பயந்தார்கள். தோற்றம் மாறினால் பொருளும் மாறிவிடும் என்ற நம்பிக்கை அந்த வயதுக்கு உரியது. அதைக் கெட்டித்தனத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஆக, முகமூடியும் வேடமும் முதலீடாக இருக்கும் ஓர் இடத்துக்கு, முகமூடியை நம்புகிற வயதில் பிள்ளையைக் கொண்டுபோயிருக்கிறேன். நம்புவதால் மகிழ்கிற பிள்ளைகளும் இருக்கின்றன. ஆனால் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்பது அந்த நீல உருவம் எதிரே வரும்வரை தெரியாது.

மிச்ச நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்ல ஒன்றுமில்லை. வெயில், இடையில் மழை, இடி முழங்கியதால் வெளியில் ஓடும் சவாரிகள் நிறுத்தம். டிசம்பர் நமக்கும் மாரி, சிங்கப்பூருக்கும் மாரி, போதாக்குறைக்கு இரண்டு நாட்டிலும் பள்ளிக்கூட விடுமுறை, ஆகவே சனக்கூட்டம். பகல் நித்திரை தவறிய பிள்ளை மூன்று மணிக்குத் தள்ளுவண்டியிலேயே தூங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் அந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மலிவில்லாத ஐஸ்கிறீம் இரண்டை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

அந்தப் பயணத்தில் அவளுக்கு என்ன நினைவிருக்கிறது என்று எட்டு வயதில் கேட்டுப் பார்த்தேன். "மஞ்சள் சட்டை போட்டிருந்தேன், பெரிய உருண்டைக்கு முன்னால் நின்றேன்" என்றாள். நினைவிருக்கிறதே என்று மனம் குளிர்ந்தது. பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னது வரவேற்பறைப் படத்தை. தன் முகத்தைத் தானே வெளியே நின்று பார்த்ததுபோலச் சொல்கிறாள். நீல உருவம்? இல்லை. கழுத்தில் ஏறியது? இல்லை. கொஞ்சம் யோசித்து, "மாமா வீட்டு லிஃப்டில் பொத்தானை நான்தான் அமத்தினேன்" என்றாள். அது படத்தில் இல்லை. அது உண்மையான நினைவு. மட்டக்களப்பில் அவள் லிஃப்ட் ஏறியதே இல்லை, அதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பயணத்தில் அவளுக்கென்று மிஞ்சிய ஒரே சவாரி அந்த லிஃப்ட்.

இதுவும் அவள் குறையல்ல. எமரி பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா பாவரும் மரினா லார்கினாவும் செய்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் அண்மையில் நடந்தவற்றைப் பற்றிப் பேசியதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, சில வருடங்கள் கழித்து அதே நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் கேட்கப்பட்டவர்களுக்கு அறுபது வீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு நாற்பது வீதமும் இல்லை. வளர்ந்தவர்களைக் கேட்டால் அவர்களுடைய மிகப் பழைய நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. ஐந்து வயதில் "எனக்கு எல்லாம் ஞாபகம்" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாபகம் கரையில் எழுதிய எழுத்து. இன்னும் அலை வரவில்லை, அவ்வளவுதான்.

நினைவில்லாவிட்டால் என்ன, அந்த நேரத்து மகிழ்ச்சி போதாதா என்று என் மனைவி கேட்பார். நியாயமான கேள்வி. போதும்தான். மூன்று வயதில் பிள்ளைக்குச் சோறூட்டிய நிலவு நினைவில்லை என்பதற்காக யாரும் முற்றத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியை முகத்துவாரத்து வெளிச்சவீட்டடியிலும் பாசிக்குடாவிலும் வாங்கலாம். பாசிக்குடாவில் முழங்கால் அளவு தண்ணீரில் கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்துபோகலாம், மூன்று வயதுக்கு அது போதும் போதும் என்றாகிவிடும். அதை வாங்க விமானம் ஏறத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

உண்மையைச் சொன்னால் அந்த முதற்பயணம் மகளுக்காக இல்லை. நான் வளர்ந்தது தொண்ணூறுகளில், யுத்த காலத்தில். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் பிள்ளைப்பருவத்தின் முதலாவது சட்டம். கானிவேலின் வெளிச்சம் இருட்டில்தான் அழகு. எங்களுக்கு இருட்டு ஆகாது. கொழும்பிலிருந்து வரும் பத்திரிகையில் கானிவேல் வெளிச்சத்தைப் படமாக மட்டும் பார்த்தவன் பிள்ளை பெற்றதும் அவசரப்படத்தானே செய்வான். என் வயதுத் தகப்பன்மாரில் இந்த அவசரத்தைப் பலரிடம் பார்க்கிறேன். பிள்ளைக்கு வயது காணுமா என்று கேட்கிறார்கள். கேட்பது என்னவோ உள்ளே இருக்கும் பத்து வயதுப் பையன்.

அடுத்த தடவை ஐந்து வயதில் போவதாகத் திட்டம். மனிதன் போட்ட திட்டம். 2020இல் கொவிட் வந்தது, அந்த வருடமே ஓகஸ்டில் இளையவனும் வந்தான். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். 150 ரூபாய் அளவில் இருந்த சிங்கப்பூர் டொலர் இரண்டு மாதத்துக்குள் 260 ரூபாயைத் தொட்டது. பூங்காவுக்குச் சேர்த்த பணம் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் போனது. வரிசையில் நிற்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் சொல்லும். அந்த வருடம் நம் நாட்டில் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை.

ஆக, மூத்தவளுக்கு எட்டரை வயதாகும்வரை பொறுக்க வைத்தது என் ஞானமில்லை, நாணய மாற்று வீதம். ஆனால் அந்தத் தாமதத்தால் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை.

இடையில் ஒரு விஷயம் விளங்கியது. இந்தப் பூங்காக்களில் வயது வாசலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போனால் உயரம்தான் பேசுகிறது. பல சவாரிகளின் முன்னால் ஓர் அளவுகோல் நிற்கும். சென்தோசாவில் மரங்களுக்கு மேலாகத் தொங்கிப் போகும் சவாரிக்கு 92 சென்ரிமீற்றர். இயந்திர மனிதர்கள் சண்டையிடும் முப்பரிமாணச் சவாரிக்கு 102. டைனோசர்களுக்கு நடுவே ஆற்றில் மிதப்பதற்கு 107. இருட்டில் ஓடும் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. தலைகீழாகச் சுழற்றும் பெரிய கோஸ்டருக்கு 125. இலங்கைக்குள் என்றாலும் அப்படித்தான். ஹங்வெல்லையில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமையில் பேர்ல் பே என்று நீர்ப் பூங்காக்கள் இருக்கின்றன. உலகெங்கும் பெரிய நீர்ச்சறுக்குகளுக்குச் சாதாரணமாக வைக்கும் அளவு நாற்பத்தெட்டு அங்குலம், அதாவது 122 சென்ரிமீற்றர்.

இப்போது கிளினிக் புத்தகத்தை எடுங்கள். மிட்வைஃப் அம்மா மாதாமாதம் புள்ளி வைத்த அந்த வரைபடம் இருக்கிறதல்லவா, அது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளைக் கொண்டு வரைந்தது. அந்த அளவின்படி நடுத்தர உயரம் நான்கு வயதில் ஆண் பிள்ளைக்கு 103.3, பெண் பிள்ளைக்கு 102.7. ஏழு வயதில் 121.7, 120.8. எட்டு வயதில் 127.3, 126.6. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் மிச்சம் தானாகத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பூங்காவின் ஓரம் மட்டும் திறக்கிறது. நான்கில் ஒரு கதவு. ஐந்தரையில் பாதி. ஏழரை, எட்டில்தான் முழுப் பூங்காவும். நம் பிள்ளைகள் பலர் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வளர்பவர்கள், ஆகவே இன்னும் ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். முழுக் காசு கொடுத்து ஓரத்தில் நிற்பதா என்பதுதான் கேள்வி.

அந்த அளவை ஏன் அப்படிக் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள் என்பதும் அறிய வேண்டியது. இருக்கையில் நம்மைப் பிடித்து வைப்பது ஒரு தண்டு அல்லது தோளுக்கு மேலால் வரும் கவசம். அது குறிப்பிட்ட உடல் நீளத்துக்கு அமைத்தது. குட்டையான பிள்ளைக்குத் தோள்க்கவசம் கழுத்திலும் காதிலும் இடிக்கும், மடித்தண்டு தொடையில் பிடிக்காமல் வயிற்றில் நிற்கும். இரண்டு பேருக்கு ஒரே தண்டு உள்ள சவாரியில் இன்னொரு சிக்கல். தண்டு எந்த அளவுக்கு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வரிசையில் பெரிய வயிறு யாருடையதோ அவர். எங்கள் குடும்பத்தில் அது நான். என் வயிற்றில் முட்டி நிற்கும் தண்டுக்கும் என் மகனின் மடிக்கும் இடையில் ஒரு பூசணிக்காய் வைக்கலாம். சப்பாத்துக்குள் துணி மடித்து வைத்து உயரம் காட்டுகிற தந்திரத்தை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் உண்டு. பிள்ளையின் குதிக்காலை உயர்த்தலாம், தொடையை நீட்ட முடியாது.

2024 டிசம்பர். மட்டக்களப்பில் வெள்ளம் வடிந்து சேறு காயாத நேரம். மூத்தவள் 123 சென்ரிமீற்றர். இளையவன் நான்கு வயதும் நான்கு மாதமும், 101. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு தடவை அளந்தேன். அவனிடம் 102இன் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவன் அக்காவின் சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, புறப்படும் நாள் வரை காலையில் எழுந்ததும் அதன் கீழ் போய் நின்றான்.

அங்கே அளவுகோலுக்கு முன்னால் நின்ற பெண் பிள்ளை இருபது வயது இருக்கும். குனிந்து, அவன் தலைமயிரை உள்ளங்கையால் மெல்ல அமத்தி, கோலைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அவன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான், மூச்சிலும் உயரம் இருக்கிறது என்று நினைத்தான்போலும். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவனுக்கு ஒரு ஒட்டுப்படம் கொடுத்தாள். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஒட்டுப்படத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, "நாளைக்கு வருவோமா?" என்று கேட்டான். ஒரு நாளில் ஒரு சென்ரிமீற்றர் வளர்வதாக அவன் கணக்கு.

மனைவி அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே காத்திருக்க நானும் மகளும் போனோம், பிறகு நான் அவனோடு நிற்க மனைவி போனார். பெரிய பூங்காக்களில் இப்படி ஒருவர் மாறி ஒருவர் ஏறுவதற்கு ஏற்பாடு இருக்கிறது. மற்றவர் திரும்பவும் முழு வரிசையில் நிற்கத் தேவையில்லை. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். ஆனால் அந்த ஏற்பாட்டால் அவனுடைய வருத்தம் ஒன்றும் தீரவில்லை. அவன் கண் முன்னால் அக்கா இரண்டு தடவை போய் வந்தாள்.

மூத்தவளோடு நான் போனது மம்மி சவாரிக்கு. 122க்கு அவள் 123. வரிசை ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டும் என்று நினைத்தே உட்கார்ந்தேன்.

எகிப்துக் கல்லறைபோல அமைத்த இருட்டு நடை. சுவரில் சிலைகள். அவள் கையை விடவில்லை. முதலில், "இவர்களை ஏன் துணியால் சுற்றினார்கள்?" என்றாள். தெரிந்ததைச் சொன்னேன். உடல் கெடாமல் இருக்க, மறு உலகத்தில் அந்த உடல் வேண்டும் என்று நம்பினார்கள் என்றேன். கொஞ்ச தூரம் நகர்ந்தோம். "அப்படியென்றால் அம்மப்பாவை ஏன் எரித்தோம்? அவருக்கு வேண்டாமா?" மாமனார் இறந்து அப்போது ஒன்றரை வருடம். வீட்டில் அவள் இதைக் கேட்டதில்லை. கல்லடிக் கடலில் சாம்பல் கரைத்தபோதும் கேட்கவில்லை. முன்னால் சீனக் குடும்பம் ஒன்று, பின்னால் தெலுங்கு பேசும் இளைஞர்கள், மேலே பயங்கர இசை, நடுவில் நானும் அவளும் அம்மப்பாவின் உடலைப் பற்றிப் பேசிக்கொண்டு அடி அடியாக நகர்கிறோம். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவள் நிறைய நேரம் பேசாமல் வந்தாள். இருக்கைக்குப் பத்துப் பேர் இருக்கும்போது என் கையை இழுத்து, "எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் ஏறத்தான் போகிறேன். நீங்கள் என்னைக் கேட்கக் கூடாது" என்றாள்.

நான் தேடிக்கொண்டிருந்த வயது அந்த வாக்கியத்தில் இருந்தது. பயம் வந்தால் கழுத்தில் ஏறாமல், பயம் என்று பெயர் சொல்லி, அதை என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கிற வயது. சில பிள்ளைகளுக்கு ஆறில் வரும், சிலருக்குப் பத்தில். "ஏறமாட்டேன், நீங்கள் போங்கள்" என்று சொல்லத் தெரிந்தாலும் அதே தகுதிதான். அழுகிற பிள்ளையைத் தண்டுக்குள் திணித்து, பயம் தெளியட்டும் என்று சிரிக்கும் தகப்பன்மாரை இரண்டு தடவையும் பார்த்தேன். அதை வீரம் பழக்குவது என்கிறார்கள். இனித் தகப்பன் சொன்னால் நம்பக் கூடாது என்பதைத்தான் பிள்ளை அங்கே பழகுகிறது.

சவாரி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சில நிமிடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் யாருடைய வயதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். இளையவனுடைய வயதை என்பது என் பதில், அனுபவத்தால் வந்தது. மூத்ததை இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லலாம், அதற்குக் காலண்டர் விளங்கும். இளையதற்கு ஐந்தரை, 107 சென்ரிமீற்றராவது வரட்டும். இருவருக்கும் ஆறு வயதுக்கு மேல் இடைவெளி என்றால் ஒன்றாகக் கொண்டுபோகும் ஆசையை விடுங்கள். ஒரு பிள்ளை சலிக்கும் அல்லது ஒரு பிள்ளை வாசலில் நிற்கும். மறுபக்கம், பன்னிரண்டு பதின்மூன்றுக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். என் மச்சானின் மகன் அந்த வயது. அவன் எங்களோடு வந்தான், ஆனால் பத்தடி முன்னால் நடந்தான்.

ஊருக்குள்ளேயே சோதித்துப் பார்க்கலாம். கொழும்பு போகும் உதயதேவி ரயிலில் ஏறி, வாழைச்சேனை, பொலன்னறுவை தாண்டி, கல்லோயாச் சந்தியும் கழிந்து, மாகோ வரைக்கும் "எப்போது வரும்" என்று பத்துத் தடவைக்குக் குறைவாகக் கேட்கிற பிள்ளை வரிசையில் நிற்கும். மாமாங்கத் திருவிழாவில் சனத்துக்குள் நடந்து, பசித்தால் சொல்லி, தொலைந்தால் என்ன செய்வதென்று தெரிந்து, ஒரு விளையாட்டுப் பொருளோடு திருப்தியாகி வீடு திரும்புகிற பிள்ளை பூங்காவுக்குப் போகலாம். இரண்டிலும் தோற்றால் ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் மாமாங்கம். ஆடி அமாவாசை வருடா வருடம் வரும்.

மாமாங்கம் என்றதும் இன்னொன்று. லொஸ் ஏஞ்சல்சில் கிரிஃபித் பார்க் என்ற இடத்தில் ஒரு குதிரை இராட்டினம் இருக்கிறது. வோல்ட் டிஸ்னி தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் அவர்களைச் சுற்ற விட்டுவிட்டு, தான் வாங்கில் குந்திக் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டுமே என்று அப்போது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17ஆம் திகதி டிஸ்னிலாந்து திறந்தது அந்த யோசனையில்தான். எனக்கு அந்தக் கச்சான்தான் பிடித்தது. கோயில் வீதியில் மணல் வறுத்த கச்சான் சரை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளை கடந்துபோகையில் கையசைத்துக்கொண்டு இருந்த தகப்பன்மாரை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். என் அப்பாவும் அதில் ஒருவர். அவருக்கு ஒரு யோசனையும் வரவில்லை, கச்சான் முடிந்ததும் எங்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மரக்குதிரையின் ஒரு காது உடைந்திருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

சென்ற ஆடி அமாவாசைக்கு இரண்டு பிள்ளைகளும் மாமாங்கத்து இராட்டினத்தில் ஏறினார்கள். அங்கே அளவுகோல் இல்லை. டிக்கெட் கிழிப்பவர் இளையவனை அக்குளில் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். அவன் இறங்கி வந்து, "அந்த மாமா என்னை அளக்கவே இல்லை" என்று முறைப்பாடு சொன்னான்.

சிவப்புக் கோட்டை அவன் எப்போதோ தாண்டிவிட்டான். இப்போது அதற்கு மேலே 125 என்று இன்னொரு கோடு இருக்கிறது, கதிரையில் ஏறி நின்று இழுத்தது, கொஞ்சம் சரிவு. வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அதன் கீழ் நிற்க வைக்கிறான். தபால்காரர் நின்றார். மரக்கறி கொண்டுவருகிற அக்கா சிரித்துக்கொண்டு நின்றார். போன ஞாயிற்றுக்கிழமை மாமியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவர் கையில் அகப்பை, அடுப்பில் பால் கொதிக்கிறது. கொண்டையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதை அவிழ்க்கச் சொல்லி, புத்தகம் ஒன்றைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு அறிவித்தான்:

"அம்மம்மா எல்லாவற்றிலும் ஏறலாம்."

"எனக்கு மாமாங்கத்து இராட்டினத்துக்கே தலை சுற்றும் மனே," என்று சொல்லிக்கொண்டு மாமி கொண்டையைத் திரும்ப முடிந்தார். "முதலில் பாலை இறக்க விடு. மறுகா பார்ப்போம்."